லோரிக்குள் ஒரு குவளைத் தேநீரும் அத்தையின் ஈரச் சாக்கும்

நேற்று இரவு துறைமுக வாசலில் என் லோரி தீப்பிடித்து எரிந்துவிட்டதாகப் எங்கள் பட்டர்வொர்த் பாகான் டாலாம் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது. ரொட்டி வாங்கப் போன இடத்தில்கூட ஒருவர் என் புருவத்தை உற்றுப் பார்த்து, மயிர் கருகவில்லையே என்று ஏமாற்றத்தோடு கேட்டார். எரிந்தது எதுவும் இல்லை, கொதித்தது மட்டுமே என்பதை ஒரேயடியாக இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

ஜோகூர் பாருவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நெடுகிலும் வராத அலுப்பு, பட்டர்வொர்த் வந்து, நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கண்டெய்னரை இறக்க வரிசையில் நிற்கும்போதுதான் வந்து சேரும். இறங்கிப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாமே என்று கேட்பவர்கள் அந்த வரிசையில் நின்றதில்லை. ஓட்டுநர் இல்லாத நேரம் பார்த்துத்தான் அது நகரும். நகர்ந்தால் பின்னால் இருப்பவர் ஹார்னிலேயே நம் பரம்பரையை விசாரிப்பார். ஆகவே, அத்தை வைத்த கோழிப் பிரட்டல் மூன்றாவது தெருவில் ஆறிக்கொண்டிருக்க, நான் இருக்கைக்குப் பின்னாலிருந்த கெட்டிலை எடுத்தேன்.

லோரியில் தேநீர் போடுவது வீட்டில் போடுவதைப் போன்றதன்று என்பதைச் சித்தப்பாவுக்கு இன்றுவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. போன தீபாவளிக்கு அவர் அன்போடு வாங்கிக் கொடுத்தது 2000 வாட் கெட்டில். லோரியில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட். அந்தக் கெட்டிலை அதில் ஓட்ட வேண்டுமானால் எண்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் பற்றவைக்கும் துளையின் ஃபியூஸோ என் வண்டியில் 10 ஆம்பியர். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றார். கைப்பேசியும் சிறு விசிறியும் ஓட்டுவதற்காக வாங்கிய 300 வாட் இன்வெர்ட்டர் அது. சித்தப்பாவின் கெட்டிலை மாட்டியதும் வீறிட்டுக் கத்திவிட்டு மூர்ச்சையானது. என்னிடம் இருப்பது 24 வோல்ட்டுக்கென்றே செய்த 200 வாட் கெட்டில். நம் ஊர் வெப்பத்தில் 28 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அதற்குக் கணக்குப்படி பன்னிரண்டரை நிமிடம் ஆகும். மூடியின் ஓரமாகச் சூடு கசிவதையும் சேர்த்தால் நடைமுறையில் கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரத்துக்குள் சோற்றுக் குக்கரையும் சேர்த்து மாட்ட வேண்டும் என்று நினைப்பவன் ஃபியூஸ் கடைக்காரனின் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பிறந்தவன்.

ஆனால் பொறுமை உள்ளவனுக்கு லோரி ஒரு நல்ல அடுப்படி. காலையில் கழுவிய அரிசி ஒரு கைப்பிடியை அகன்ற வாய் ஃபிளாஸ்கில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி, பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டால், ஈப்போவைத் தாண்டும்போது கஞ்சி ஆகியிருக்கும். ஃபிளாஸ்கை முதலில் வெந்நீரால் அலசிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவனுக்குக் கிடைப்பது ஊறிய அரிசி. கூடவே வறுத்த நெத்திலியும் சார்டின் டின்னும் இருந்தால் நெடுஞ்சாலைக் கடைகளின் விலைப்பலகையை நிமிர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. முட்டையைக் கெட்டிலுக்குள்ளேயே அவிக்கும் ஓட்டுநர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கோப்பியை நான் குடிப்பதில்லை.

கேஸ் டின் மாட்டும் சிறிய அடுப்பைச் சிலர் வண்டியைவிட்டு இறங்கி, சக்கரத்தின் மறைவில் வைத்துப் பற்றவைப்பார்கள். அதில் நான் தலையிடுவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேபினுக்குள்ளேயே பற்றவைப்பதுதான் கூடாது. அதில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவனை அது எழுப்பாமலே கொண்டுபோய்விடும். இதை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் வண்டியில் புகை என்றதும் எல்லோருக்கும் முதலில் கேஸ் அடுப்பு நினைவுக்கு வந்தது அந்தப் பிரசாரத்தின் வெற்றியாகவும் இருக்கலாம்.

நடந்தது இதுதான். பேட்டரி இறங்காமல் இருக்க இஞ்சினை ஓடவிட்டு, கெட்டிலை டாஷ்போர்டின் மேல் வைத்து, இஞ்சியைப் பேனாக்கத்தியின் பின்புறத்தால் நசுக்கிக்கொண்டிருந்தேன். டாஷ்போர்டின் மேல் முதலாளி புதிதாக மாட்டிக் கொடுத்த கேமரா இருக்கிறது. ஓட்டுநர் கண் சொருகினாலும் தலையைத் திருப்பினாலும் கீச்சிட்டுக்கொண்டே அலுவலகத்துக்குப் படம் அனுப்பும் சாதி. கெட்டில் கொதித்ததும் ஆவி நேராக அதன் முகத்தில் அடித்தது. அதுவரை என் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த திரை அலுவலகத்தில் வெள்ளையாகிவிட்டது. இரவு வேலையில் இருந்த பையன், தூக்கம் கலைந்த கண்ணோடு, இதைப் புகை என்று தீர்மானித்தான். அவன் என்னை அழைத்திருக்கிறான்; என் கைப்பேசியோ படுக்கைத் தட்டில் ஒலி அடங்கிக் கிடந்தது. அடுத்ததாக அவசரத்துக்கென்று நான் எழுதிக் கொடுத்திருந்த வீட்டு எண்ணை அழைத்தான். அதை எடுத்தவர் அத்தை.

அத்தை தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். தீ என்றால் அவருக்கு மருந்து ஈரச் சாக்கு. நான் இரண்டாவது மிடறு குடிக்கும்போது, வரிசையில் நின்ற லோரிகளுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. ஓட்டியவள் என் மனைவி. பின்னால் அத்தை, மடியில் சொட்டச் சொட்ட ஒரு கோணிச் சாக்கு, ஒரு கையில் சாப்பாட்டு அடுக்கு. மருமகன் எரிந்துகொண்டிருக்கும்போது கோழிப் பிரட்டலை அடுக்கில் எடுத்துவைக்க அவருக்கு எப்படித் தோன்றியது என்று நான் கேட்கவில்லை; அணைத்த பிறகு பசிக்குமே என்று பதில் வந்திருக்கும்.

பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் மூட்டு வலி என்று சொல்லிக் கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டு வரும் அத்தை, லோரியின் மூன்று படிகளை ஒரே மூச்சில் ஏறிக் கேபினுக்குள் வந்துவிட்டார். வந்தவர் முதலில் கெட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சாக்கை என் மடியில் போட்டார். "மாப்பிள, உசிரோடதான் இருக்கீங்களா?" என்ற கேள்வியில் ஆறுதலைவிடக் குற்றச்சாட்டே அதிகமாக இருந்தது. அதற்குள் இஞ்சி வாசம் பிடித்து முன்வண்டி ஓட்டுநர் தன் குவளையோடு இறங்கி வந்தவர், சாக்கைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார்.

ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தேன். அத்தை வாயில் வைத்ததும் நிமிர்ந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வாரென எதிர்பார்த்தேன். அவர் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து இனிப்பு டின் பாலை வெளியே எடுத்தார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ள நான் வீட்டில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓவைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக வாயைத் துடைத்துக்கொள்வது ஏன் என்று அந்த நொடியில் இரண்டு பெண்களுக்கும் விளங்கியது. மனைவி கீழே நின்றபடியே கையை நீட்டினாள். டின் போய்ச் சேர்ந்தது. குவளையில் மீதி இருந்ததை மட்டும் அத்தை கீழே கொட்டவில்லை, குடித்து முடித்தார். அவருக்கு இனிப்புநீர் இல்லை.

அப்போது பார்த்து வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹார்ன். அத்தையை இறக்க நேரமில்லை. கண்டெய்னர் வண்டியில் ஆளேற்றக் கூடாது என்ற விதி தலைக்கு மேலே ஒட்டியிருக்க, இரண்டு வண்டி நீளம் அவரை ஏற்றியபடியே நகர்த்தினேன். ஆவி விலகித் தெளிந்திருந்த கேமரா அதையும் பார்த்துக்கொண்டது. கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. நான் ஸ்டீயரிங்கை விடவில்லை, அத்தை எடுத்துவிட்டார். வண்டியில் இருக்கும் பெண்மணி யார் என்று பையன் கேட்டிருக்க வேண்டும். அத்தை அதற்குப் பதில் சொல்லாமல், "நீ சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறவன் மேகி மட்டும் தின்றிருக்கிறான் என்று தெரிந்ததும், அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவனைப் பட்டினி போட்டதே நான்தான் என்பது உறுதியானது.

காலையில் சாவியை ஒப்படைக்கப் போனபோது, நான் தொடாத அந்த அடுக்கை அத்தையின் உத்தரவுப்படி அவனிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அத்தைக்கு நன்றி சொல்லச் சொன்னான். பிறகு இழுப்பறையைத் திறந்து, அனுமதியின்றி ஆள் ஏற்றியதற்கான விளக்கக் கடிதத் தாளை என் பக்கம் தள்ளினான். காரணம் எழுத அதில் இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.