உடைந்த செஸ்னா சிறகுக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்த கதை

அலமாரியிலிருந்து விழுந்ததில் என் 1/48 அளவு செஸ்னா 172 மாடல் விமானத்தின் வலது சிறகு ஏறக்குறைய நடுவில் முறிந்துவிட்டது. இரண்டு சிறகும் சேர்த்தே 23 செ.மீ. தான் இருக்கும். பிளாஸ்டிக் சிமெண்டால் ஒட்டி ஓர் இரவு விட்டேன். ஒட்டிய கோட்டை நிரப்ப வைத்த புட்டி காயக் காய உள்வாங்கியதால் மறுநாள் இன்னொரு பூச்சு வைத்தேன். 400 உப்புத்தாள், அப்புறம் 600, அதன் மேல் சாம்பல் நிற பிரைமர். இதுவரை சுகம். தொல்லையெல்லாம் வெள்ளை எனாமல் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்த பிறகுதான்.

முதல் கோட் அடித்த சில நொடிகளிலேயே ஒட்டு வாயைச் சுற்றி வட்டவட்டமாகப் பெயிண்ட் விலகி, நடுவில் பிரைமர் தெரிந்தது. இதைத்தான் மீன்கண் என்கிறார்கள். காரணம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. தூசி துடைக்கும்போதெல்லாம் மரச்சாமான் பாலிஷ் தொட்ட துணியால்தான் இந்த விமானத்தையும் துடைத்திருக்கிறேன். அந்தப் பாலிஷில் சிலிக்கோன் இருக்கிறது. அது துளி இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் பரவாமல் ஒதுங்கிக்கொள்ளும். மேலே இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடும் என்று நினைத்து அடித்தேன். பள்ளம் மூடவில்லை, விளிம்புதான் தடித்தது.

இங்கே வரிசை முக்கியம். கழுவாமல் தேய்த்தால் சிலிக்கோன் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு துணியால் நனைத்து, அது ஆவியாகும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகே உப்புத்தாள், தேய்த்து முடித்ததும் மறுபடி ஆல்கஹால். அக்ரிலிக் பெயிண்டாக இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடலாம். என்னுடைய பழைய பூச்சு எனாமல். அப்படியும் அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.

இரண்டாம் முயற்சியில் மீன்கண் வரவில்லை. ஆனால் வழிந்துவிடுமோ என்ற பயத்தில் 35 செ.மீ. தள்ளி நின்று அடித்தேன், அதுவும் நல்ல வெயில் நேரத்தில். துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து, சிறகு மணல் தூவியது போல் சொரசொரத்தது. அதைச் சரிசெய்யப் பக்கத்தில் போய் மெதுவாக அடித்ததும் முன்விளிம்பில் வழிசல் இறங்கியது. விரலால் துடைக்காமல் விட்டதற்கு இப்போதும் மகிழ்ச்சி. தொட்டிருந்தால் பிரைமர் வரைக்கும் போயிருக்கும்.

ஐந்து மணி நேரம் கழித்துத் தொட்டால் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று இன்னொரு கோட். கண்ணெதிரே மேற்பரப்பு பால் ஆடை மாதிரி சுருங்கி எழுந்தது. வந்த குறைகளில் இதுதான் மிக மோசம், ஏனென்றால் இதற்குக் குறுக்குவழியே கிடையாது. எனாமல் மேலே தோல் கட்டிவிட்டாலும் அடியில் மென்மையாகவே இருக்கும். புதுப் பெயிண்டின் கரைப்பான் அந்தத் தோலுக்குள் ஊறி அதை உப்பச் செய்கிறது. உப்பிய தோலைப் பிடித்து வைக்க அடியில் உறுதி இல்லாததால் அது மடிந்துவிடுகிறது. டப்பாவிலேயே போட்டிருக்கிறது: அடுத்த கோட் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்தில் கை வைக்கவே கூடாது. இந்தக் கணக்கு டப்பாவுக்கு டப்பா மாறும், அதனால் உங்கள் டப்பாவில் இருப்பதைப் படியுங்கள்.

ஒரு வாரம் விட்டேன். மூக்கருகே வைத்தால் பெயிண்ட் வாசனை துளியும் இல்லை என்றான பிறகே 600 உப்புத்தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு, சுருக்கம், வழிசல், சொரசொரப்பு எல்லாவற்றையும் மட்டமாக்கினேன். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும், கட்டை அவசியம். பிரைமர் தெரிந்த இடங்களில் மீண்டும் பிரைமர்.

இன்னொரு முடிவும் எடுத்தேன். பழைய வெள்ளை லேசாக மஞ்சளேறியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் மட்டும் புது வெள்ளை அடித்தால் திட்டாகத் தெரியும். சிறகின் பின்விளிம்பில் அசையும் பகுதிகளான ஃபிளாப்பும் எய்லரானும் சந்திக்கும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அங்கிருந்து சிறகு நுனி வரை முழுவதும் அடித்தேன். நிறம் மாறுவது பேனல் கோட்டிலேயே (இரண்டு பகுதிகள் சேரும் கோடு) நிகழ்வதால் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாம் முறை: டப்பாவைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தேன் (அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது), இரண்டு நிமிடம் குலுக்கி, அட்டையில் அடித்துப் பார்த்தேன். தூரம் சுமார் 20 செ.மீ. சிறகுக்கு வெளியே பொத்தானை அழுத்தி, கடந்து போய், வெளியே விட வேண்டும். முதலில் அடிநிறம் தெரியும் அளவுக்கு மெல்லிய தூவல், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, அப்புறம் ஈரமாகப் பளபளக்கும் ஒரு கோட். மூன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தன. உடனே தூசி விழாமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடினேன்.

இன்று காலை பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஒட்டிய கோடு தெரியவில்லை. நுனியருகே இரண்டு தூசிப் புள்ளிகள் இருக்கின்றன, அடுத்த வாரம் 2000 தாளில் நீவிவிட்டுப் பாலிஷ் போட வேண்டும், இந்த முறை சிலிக்கோன் இல்லாததாகப் பார்த்து. சிவப்புப் பட்டை அடிப்பது அதற்கப்புறம்தான். இன்னும் லேசாக வாசனை வருகிறது.