செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்காமலே "பேட்டரி போச்சு" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதே அறிகுறியைக் காட்டும் இடங்கள் இன்னும் நாலைந்து உண்டு. புது பேட்டரி போட்ட ஒரு வாரத்தில் வண்டி மறுபடி படுத்துக்கொண்டால், அந்த நாலைந்தில் ஏதோ ஒன்றைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பொருள்.

முதலில் காதைத் தீட்டுங்கள். "டிக்டிக்டிக்" என்று வேகமாக அடித்துக்கொண்டால் வோல்டேஜ் போதவில்லை. சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் விழுகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. இறங்கிய பேட்டரிக்கும் லூசான டெர்மினலுக்கும் இதே சத்தம்தான். ஒரே ஒரு "டக்" என்றால் செல்ஃப் மோட்டாரின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம், அல்லது கேபிளில் தடை இருக்கலாம். சத்தமே இல்லையென்றால் கட்டளையே சோலனாய்டு வரை போகவில்லை: ஆட்டோமேட்டிக்கில் கியர் பார்க் (P) அல்லது நியூட்ரலில் (N) சரியாக உட்காராதது, மேனுவலில் கிளட்ச் பெடல் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, இக்னிஷன் சுவிட்ச் என்று தேடல் வேறு பக்கம் போகும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது எரிபொருள், ஸ்பார்க், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினைத் தடுக்கும் திருட்டுத் தடுப்பு) விவகாரம். வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் அப்படித்தான் சுற்றும். தொடர்ந்து சுற்ற விட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி செலவு பெருகும்.

கருவி எதுவும் கையில் இல்லாதபோது ஹெட்லைட்டே மீட்டர். லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் நன்றாக மங்கினால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் ஜாம் ஆகி அளவுக்கு மீறி இழுக்கிறது. லைட் அசையாமல் அப்படியே எரிந்தால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. லைட் முழுதாக அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர் வந்தால் பெரும்பாலும் டெர்மினல் இணைப்புதான்.

இனி மல்டிமீட்டர். சாதாரணமானதே போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு போஸ்ட்டிலும் முனையை வையுங்கள். டெர்மினல் கிளாம்ப்பில் அல்ல, நடுவில் தெரியும் ஈய போஸ்ட்டிலேயே. வண்டி சில மணி நேரம் ஓய்ந்து நின்றிருக்க வேண்டும். இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தீர்கள் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். இல்லையென்றால் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் பொய்க் கணக்குக் காட்டும். 12.6 அல்லது 12.7 என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 ஏறக்குறைய கால். 11.8-க்குக் கீழே போனால் காலி. ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த பேட்டரி) வகை நிறைந்திருக்கும்போது 12.8-ஐத் தாண்டிக் காட்டும். இரவு முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது (ஒரு செல் சுமார் 2.1 வோல்ட்). அதற்கு வைத்தியம் கிடையாது.

ஆனால் 12.6 காட்டுகிறது என்பதற்காக பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். தட்டுகள் சல்ஃபேட் படிந்து கெட்டுப்போன பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், பாரம் வந்தால்தான் குட்டு வெளிப்படும். மீட்டர் போஸ்ட்டில் இருக்கும்போதே இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மிதமான வெப்பத்தில், நல்ல சார்ஜ் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெரும்பாலான நல்ல பேட்டரிகள் 10-க்கு மேலேயே நிற்கும். 12.6-இல் தொடங்கி 7, 8 என்று சரிந்தால் பேட்டரி முடிந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவு கடந்து இழுக்கிறது. 11-க்கு மேலேயே நின்றுகொண்டு எஞ்சின் மட்டும் முக்கி முக்கிச் சுற்றினால்? பேட்டரி நல்லது. பலம் நடுவழியில் எங்கோ தொலைகிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கேபிளை ஓம்ஸில் வைத்து அளந்து, "பூஜ்யம் காட்டுகிறது, நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் பூத்த உப்பு வெறும் 0.01 ஓம் தடையை உண்டாக்கினால், 150-ஐ 0.01-ஆல் பெருக்க, 1.5 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. சாதாரண மீட்டருக்கு 0.01 ஓமைப் பார்க்கும் கண் இல்லை, அதன் முனைகளின் தடையே அதைவிடப் பல மடங்கு. அதனால் இதை ஓம்ஸில் தேடக் கூடாது, கரண்ட் ஓடும்போது வோல்ட்டில் பிடிக்க வேண்டும்.

செய்முறை இது. ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். விசிறி, பெல்ட் பக்கம் கையும் வயரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது படியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பக்கம் சுத்தம். அடுத்து பிளஸ் போஸ்ட்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் மாட்டியிருக்கும் போல்ட் வரை அளங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: போஸ்ட்டிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து கேபிள் லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்), லக்கிலிருந்து போல்ட். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கேதான் திருடன். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், மோட்டார் சூடாறச் சற்று இடைவெளி விடுங்கள்.

எர்த் ஸ்ட்ராப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பின்னல் பட்டை எண்ணெயும் சேறும் ஒட்டி, போல்ட்டுக்குக் கீழே துருப்பிடித்து இருக்கும். கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வேலை பார்த்த பிறகு வந்த ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்றால் முதலில் இதைத் தேடுங்கள். மாட்ட மறந்து தொங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

டெர்மினல் சுத்தம் செய்வது கால் மணி நேர வேலை. பெரும்பாலான வண்டிகளில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதும் நேரடி ஷார்ட், ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து, பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பின் மேல் பழைய பிரஷ்ஷால் தடவினால் நுரைத்துக் கரையும். பேட்டரியின் மூடிகளும் காற்றுத் துளைகளும் வழியே இந்தக் கரைசல் உள்ளே இறங்கவே கூடாது, ஆசிட்டைக் கெடுத்துவிடும். துணியால் துடைத்து, போஸ்ட்டையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, அதன் பிறகு வெளியே மெல்லிசாக வாசலின் பூசுங்கள். கிளாம்ப் உட்காரவில்லை என்று சுத்தியலால் தட்ட வேண்டாம், உள்ளே தட்டு இணைப்பு விட்டுப்போகும். கையால் திருகினால் கிளாம்ப் அசையவே கூடாது. அசைந்தால் இறுக்கம் போதாது, எவ்வளவு பளபளத்தாலும் பிரயோஜனமில்லை.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குடிதண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம், ஆவியாவது தண்ணீர்தானே. மேல் கோட்டைத் தாண்டாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.7 வரை வந்தால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12.5-இல் தொடங்கி மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் வழுக்குகிறதா, பின்னால் உள்ள பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பெரிய சார்ஜிங் ஃபியூஸ் நல்லதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும். விடாமல் 15-க்கு மேல் போனால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். புது வண்டிகளில் சார்ஜிங்கை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை வேண்டுமென்றே குறைக்கும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். அதனால் ஒரு எண்ணைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு எண் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தாங்கிப் பிடிக்க பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் ஒரு நொடியில் எகிறும். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போனால் பேட்டரி விலை ஞாபகத்துக்கே வராது.

பேட்டரியும் நல்லது, சார்ஜிங்கும் நல்லது, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் படுத்துவிடுகிறது என்றால் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியருக்குள் இழுப்பது சகஜம். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி அந்த வேகத்தில் பாதியாக 25 நாள் ஆகும். அதுவே அரை ஆம்பியர் இழுத்தால் இரண்டரை நாளில் பாதி காலி. டிக்கி விளக்கு, டாஷ்போர்டு டிராயர் விளக்கு, பின்னாளில் பூட்டிய ஸ்டீரியோ, கேமரா, ஒட்டிக்கொண்ட ரிலே, ஆல்டர்னேட்டரில் ஓட்டையான டையோடு, இவைதான் வழக்கமான கைகாரர்கள்.

அளப்பதற்கு மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கேபிளுக்கும் மைனஸ் போஸ்ட்டுக்கும் இடையில் தொடராக இணையுங்கள். கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால் பூட்டின் நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி, மூடிய மாதிரி வண்டியை ஏமாற்றுங்கள். வண்டியைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருங்கள். இணைத்ததும் சில ஆம்பியர் காட்டும், பதற வேண்டாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க இருபது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எண் இறங்காமல் நின்றால் ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளப்பது மேல். கரண்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும், ஓடும் ஃபியூஸ் ஒரு சிறு எண்ணைக் காட்டும். எதையும் பிடுங்காததால் தூங்கிய கம்ப்யூட்டர் எழுந்து குழப்பாது.

ஜம்ப் ஸ்டார்ட் வரிசையை அவசரத்தில் மாற்றிவிடாதீர்கள். சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசி முனை, நின்றுபோன வண்டியின் எஞ்சினில் பேட்டரியை விட்டுத் தள்ளியுள்ள உலோகத்தில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரி மேல் ஹைட்ரஜன் இருக்கும், இரண்டும் சந்திக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் நல்ல வண்டியை ஓடவிட்டு செல்ஃப் அடியுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ்.

வண்டி கிளம்பிவிட்டது என்றால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அரை மணி ஓட்டம் காலியான பேட்டரியை நிரப்பாது, ஆல்டர்னேட்டரைத்தான் வாட்டும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60-க்கு 6 ஆம்பியர் அளவில், வெளி சார்ஜரில் இரவு முழுக்க ஏற்றுவதே முறை. மைனஸ் போஸ்ட்டில் சிறு சென்சார் பெட்டி மாட்டியிருக்கும் வண்டியில் சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை போஸ்ட்டில் வைக்காமல் பாடி எர்த்தில் வையுங்கள். போஸ்ட்டில் நேரடியாக வைத்தால் எவ்வளவு ஏறியது என்று வண்டிக்குத் தெரியாது.

இத்தனையும் பார்த்து பேட்டரிதான் என்று உறுதியானால், வாங்கும்போது பிளஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும், அளவையும், சிசிஏ (குளிரிலும் செல்ஃப் அடிக்க எவ்வளவு கரண்ட் தரும் என்ற) எண்ணையும் பழையதோடு ஒப்பிடுங்கள், தயாரித்த மாதத்தையும் பாருங்கள். சிக்னலில் தானாக அணையும் வண்டிக்கு இஎஃப்பி (மேம்படுத்திய ஆசிட் பேட்டரி) அல்லது ஏஜிஎம் தவிர வேறு போட்டால் சீக்கிரமே மறுபடி வாங்க வேண்டிவரும். சில வண்டிகளில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும். பொருத்தியதும் அடியில் பிடிக்கும் கிளாம்ப்பைப் போட்டு இறுக்குங்கள். அதிர்வில் தட்டுகளின் பூச்சு உதிர்ந்து அடியில் படிந்துதான் பல பேட்டரிகள் வயதுக்கு முன்பே சாகின்றன. கழற்றிய கிளாம்ப்பை மூலையில் வைத்துவிட்டு மறந்துபோவது கடைகளிலும் நடக்கிறது, பானட்டை மூடுமுன் பேட்டரியைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.