சாவு வீட்டைப் படித்தவர்கள் படுக்கையறைக்குள் வரவில்லை

நீலகிரிக்காரன் எப்படி வாழ்ந்தான் என்பதைவிட எப்படி அடக்கமானான் என்றுதான் வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்று கோத்தகிரியில் நண்பர்களிடம் கிண்டலடிப்பேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை. இங்கிலாந்து மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் இங்கே சில மாதம் தங்கிப் போய், 1906இல் இங்குள்ள எருமை மேய்க்கும் பழங்குடியான தோடர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். இறந்தவர் உடலை எரிப்பது, முடிக் கற்றையையும் மண்டையோட்டில் ஒரு துண்டையும் எடுத்து வைத்து, பிறகொரு நாள் இரண்டாவது சடங்கில் அதையும் எரிப்பது, எருமைப் பலி, எதையும் அவர் விடவில்லை.

இந்த மலையின் இன்னொரு சமூகமான படகர் சாவில் பெரியவர் ஒருவர் பாவங்களை அடுக்கும் பாட்டு உண்டு. சார்லஸ் கோவர் 1871லேயே அதை ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது என்று வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் 'அது பாவம்' என்று முடியும். இறந்தவர் அதையெல்லாம் செய்தாரா என்று யாரும் கேட்பதில்லை, யார் செத்தாலும் அதே பட்டியல்தான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். (எல்லைக் கல் தகராறு மட்டும் இன்னும் ஓயவில்லை.)

சரி, அந்த மனிதர் சாவதற்கு முந்தைய ஆறு மாதம் எங்கே? தேடிப் பார்த்தால் கையில் சிக்குவது ரொம்பக் கொஞ்சம். சடங்கு வாசலில் நடக்கிறது, வெளியாள் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நோயில் கிடப்பது உள்ளறையில். ரிவர்ஸ் படிப்பால் டாக்டர், முதல் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கம்.

படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஆராய்ச்சி பிற்பாடுதான் வந்தது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய, மறுப்பில் தொடங்கி ஏற்றுக்கொள்வதில் முடியும் ஐந்து நிலைகள் வாட்ஸப் வரைக்கும் வந்துவிட்டன, ஆனால் அவர் பேசியது சாகப்போகிற நோயாளிகளிடம், அதை நாம் துக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிட்டோம். எனக்கு அவரைவிட 1965இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் எழுதியதுதான் நெருக்கம். சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் அவர்கள் கவனித்தது, சாகப்போவது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை. நோயாளிக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், இரண்டு பக்கமும் தெரியாத மாதிரியே நடந்துகொள்வது அதில் ஒரு வகை.

படித்ததும் எங்கள் பெரியப்பா வீடு நினைவுக்கு வந்தது. வயிற்றில் புற்றுநோய். கோயம்புத்தூரில் பார்த்துவிட்டு வந்த ரிப்போர்ட்டைப் பெரியம்மா மஞ்சப்பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டார், கேட்டால் குடல் புண். பெரியப்பாவும் குடல் புண் என்றே எல்லோரிடமும் சொன்னார். ஆனால் ஒரு நாள் பச்சைத் தேயிலைக் கணக்கு நோட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டி, "இனிமே நீயே எழுதுப்பா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார். அடுத்த வாரம் பட்டாவை எடுத்து வெளியே வைத்தார், அதற்கும் கண்தான் காரணம். அவர் கண்ணாடி இல்லாமல் தினத்தந்தி படிப்பவர்! யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை, நானும்தான்.

சில பேர் இதை ஏமாற்று என்பார்கள், நோயாளிக்கு உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, அந்த வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு எல்லாம் கண்ணைச் சாக்கு வைத்தே நடந்து முடிந்தது. ஆனால் வலி விஷயத்தில் இந்த நாடகம் உதவாது. குடல் புண் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் கடும் வலிக்குத் தரும் மார்ஃபினை யார் போய்க் கேட்பது? சாதாரண மாத்திரையோடு அவர் ரொம்ப நாள் தள்ளினார்.

மானிடவியலோ சமூகவியலோ படிக்கிற பிள்ளைகள் யாராவது இந்தக் கடைசி மாதங்களை ஆராய்ச்சியாக எடுத்துச் செய்யலாம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். பெரியம்மாவும் பேசுவார், அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.