மாட வீதியில் கேட்காத மாண்டலின்

மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளைச் சுற்றிவரும் ஒரு பஜனை கோஷ்டியில் நானும் ஒருவன். மிருதங்கம், சுருதிப் பெட்டி, ஏழெட்டு ஜோடி ஜால்ரா, இருபது தொண்டைகள். இவற்றுக்கு நடுவே என் மாண்டலின். போன வருடம் முன்னால் நடந்த மாமா திரும்பிப் பார்த்து, "வாசிக்கிறாயா, இல்லை சும்மா அணைத்துக்கொண்டு வருகிறாயா?" என்று கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளைக் களைந்து, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்சார மாண்டலின் வாசித்தவர். என்னுடையது கைமாறி வந்த எட்டுத் தந்தி. உள்ளே யாரோ 27 மி.மீ. பித்தளை வில்லை ஒன்றை ஒட்டி, பக்கவாட்டில் ஒயர் செருக ஜாக் வைத்திருந்தார்கள். அந்த வில்லையைப் பீஸோ என்பார்கள், பலகையின் அதிர்வை மின்னழுத்தமாக்கும். பாதி வேலை முடிந்தது என்று நம்பி, ஒதுக்கிய 2,000 ரூபாயில் 1,350-ஐத் தோளில் மாட்டும் பாட்டரி ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன்.

செருகி மீட்டினால் தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம். மந்தர ஸ்தாயி, அதாவது தாழ்ந்த சுரங்கள், அடியோடு காணவில்லை. நான்கு நாள் ஸ்பீக்கரைத் திட்டினேன். பாவம், அது என்ன செய்யும்?

பீஸோ ஓர் ஊற்று. கொட்டாங்கச்சியால் மெல்ல முகந்தால் தரும். அண்டாவைக் கவிழ்த்தால் வற்றிவிடும். இந்த அளவு வில்லையின் மின்தேக்கத் திறன் சுமார் 20 நானோ ஃபாரட். ஸ்பீக்கரில் ஒயர் செருகும் ஆக்ஸ் நுழைவின் மின்தடை 10 கிலோ ஓம்தான் என்றால், அதுதான் அண்டா; ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். என் மிகத் தாழ்ந்த தந்தியோ 196 ஹெர்ட்ஸ்! நுழைவை 1 மெகா ஓமாக்கினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு வேண்டியது நடுவில் பஃபர் என்ற ஒரு சின்ன மின்சுற்று மட்டுமே. ஒலியை அது பெருக்காது; பீஸோவிடம் நோகாமல் வாங்கி ஸ்பீக்கருக்கு வலுவாகக் கொடுக்கும்.

சனிக்கிழமை மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பஃபருக்கான டிஎல்071 சில்லு, சில மின்தடைகள், மின்தேக்கிகள், 9 வோல்ட் பாட்டரி, இரண்டு ஜாக், கவசக் கம்பி எல்லாம் சேர்த்து 240 ரூபாய். "இதற்கு ரெடிமேட் போர்டே இருக்கிறதே சார்" என்றார் கடைக்காரர். பற்றவைக்கும் ஆசையில் காதில் வாங்கவில்லை; இரண்டு விரல் சுட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குப் பணம் செலவழிக்கவில்லை. பழைய பல்பொடித் தகர டப்பாவில் ஓட்டை போட்டு, தகரத்தைச் சுற்றின் எர்த்தோடு இணைத்ததும் இரைச்சல் பெருமளவு அடங்கியது. பல்பொடி வாசனைதான் அடங்கவில்லை.

இப்போது மந்தர ஷட்ஜம் கேட்கிறது. ஸ்பீக்கர் மட்டும் என் வயிற்றுப் பக்கம் திரும்பினால் பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும். அதனால் முதுகில் மாட்டி, பின்னோக்கித் திருப்பிவிட்டேன். பின்னால் ஜால்ரா அடிப்பவர் இரண்டடி தள்ளி நடக்கிறார். அவருடைய ஜால்ராவை ஆறு வருடம் நான் கேட்டிருக்கிறேன்.