டர்பன் துறைமுகமும் தோட்டப்பாளையம் டீக்கடையும்

ஜூலை 6, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றி இன்று முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது, அப்புறம் 1911 வரைக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள், அதில் நம் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். அது முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் ஆளுக்கு வருஷம் மூன்று பவுண்டு வரி என்று 1895இல் சட்டமே போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. அதற்குள் எத்தனையோ பேர் வேலைநிறுத்தம் செய்து ஜெயிலுக்குப் போயிருந்தார்கள், தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயசில் உயிரையே விட்டிருந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு டீக்கடை. அப்பாவின் சிகிச்சைக்காக வந்திருக்கும் மிசோரம் பெண் ஒருத்தி ஃப்ளாஸ்க்கில் பால் வாங்க நின்றாள். கடைப் பையன் உள்ளே பார்த்து, “சைனாவுக்கு ஒரு பால்!” என்று கத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மூடியைத் திருகிக்கொண்டே, “அண்ணா, நான் ஐஸ்வால். சக்கரை வேணாம்” என்று தமிழிலேயே சொன்னாள். பெரியவர் ஒருத்தர் பையனை அதட்டினார், “டேய், அவங்க இந்தியாதான்டா.” சரிதான், ஆனால் சைனாக்காரியாகவே இருந்தால் மட்டும் கேலி பண்ணலாமா? அதைக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூலை 10, வியாழன்

1806 வேலூர் சிப்பாய்க் கலகத்தின் நினைவுத் தூணுக்கு இன்று மாலை போட்டார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை போட்டே ஆகணும் என்ற உத்தரவுதான் கோட்டையில் தீயை மூட்டியது. இதை மத விவகாரம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சிப்பாய் ‘வேண்டாம்’ என்று சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத வெள்ளைத் திமிர்தான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

ஜூலை 11, வெள்ளி

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975இல் அமெரிக்காவில் ஆற்றிய உரையை மறுபடி படித்தேன். ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலை உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து, இதில் ஆப்பிரிக்கர்கள் வாய் திறந்து பேசுவது இரண்டே இடத்தில்தான், மற்றபடி வெறும் கூச்சலும் கை கால்களும்தான் என்று எடுத்துக் காட்டினார். அதிலிருந்து எந்தக் கதையை எடுத்தாலும் யார் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். நம் சினிமாவில் ஆப்பிரிக்கர் வந்தால் பெரும்பாலும் போதைப்பொருள் விற்கிறவர், கறுப்புப் பெண் வந்தால் கேலிக்கு. அவர்களுக்கு யாராவது உருப்படியாக நாலு வசனம் எழுதியிருக்கிறார்களா?

ஜூலை 13, ஞாயிறு

2001இல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்ததும் அதே டர்பனில்தான். சாதியையும் பேசணும் என்று தலித் அமைப்புகள் அங்கே போய்ப் போராடின, நம் அரசு கூடாது என்றது. இனமும் சாதியும் ஒன்றா என்று அறிஞர்கள் வாதாடட்டும், சேரியில் இருக்கிறவனுக்கு வாடகை வீடு கிடையாது என்பதும் கறுப்பனுக்குக் கிடையாது என்பதும் என் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. காட்பாடியில் எங்கள் தெருவில் இரண்டு ஆப்பிரிக்க மாணவர்கள் வீடு கேட்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மேல்மாடியில் ‘டு லெட்’ போர்டு தொங்குகிறது, ஆனாலும் ஆள் வந்தாச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாளைக் காலையில் அவரிடம் போய்ப் பேசப்போகிறேன். அந்தப் பையன்களின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.