23 டிகிரிக்கு எழுதின பேப்பரும் கடலூர் வெயிலும்

பல்லுக்கு யூஸ் பண்ற எந்த மெட்டீரியல் டப்பாவைத் திறந்தாலும் உள்ள நாலா எட்டா மடிச்ச ஒரு பேப்பர் இருக்கும், கலக்க இவ்ளோ நேரம், இறுக இவ்ளோ நேரம்னு போட்டு அந்த டைம் எல்லாம் 23 டிகிரில பார்த்ததுனு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். கடலூர்ல 23 டிகிரி மார்கழி விடிகாலைல வரும், அப்ப க்ளினிக் பூட்டியிருக்கும். மத்த நேரத்துக்கு அந்தப் பேப்பரை நம்பினா ஆகாது, இதைத்தான் எங்க மஞ்சக்குப்பம் பல் க்ளினிக்ல உதவிக்குப் புதுசா சேர்ந்த பொண்ணுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தேன். நெல்லிக்குப்பத்துல இருந்து வருது, ப்ளஸ் டூ முடிச்சிருக்கு, கை நல்ல சுறுசுறுப்பு. நாங்கல்லாம் பிடிஎஸ்ல, அதான் பல் டாக்டர் படிப்புல, செகண்ட் இயர் டென்டல் மெட்டீரியல்ஸ் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தவங்க, இது கையாலயே கத்துக்குது.

ஆரம்பம் ஆல்ஜினேட், அதாவது பல்லு அளவு (வாய்ல ட்ரே வச்சு எடுக்குற அச்சு) எடுக்குற பவுடர். பழுப்புக் கடற்பாசில இருந்து எடுக்குறது இது, ராமநாதபுரம் பக்கம் கட்டக்கோரைனு சொல்ற பாசி இருக்கே, அந்த ஜாதிதான். சாதாரண வகை 2ல இருந்து நாலரை நிமிஷத்துல இறுகும், ஃபாஸ்ட் செட் 1ல இருந்து 2 நிமிஷத்துல. ஆனா தண்ணி சூடு 10 டிகிரி ஏறினா அதுல ஏறக்குறைய ஒரு நிமிஷம் போயிடும். அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் குழாயைத் திறந்தா மொட்டைமாடி டேங்க்ல வெந்த தண்ணிதான் வரும், அதுல கலந்தா வாய்க்குப் போறதுக்கு முன்னாடி பவுல்லயே இறுகிடும். அப்படி ஒரு நாள் "மேடம், நேத்தும் இதே அளவுதான போட்டேன்"னு அந்தப் பொண்ணு முழிச்சுது. அளவு சரிதான்மா, தண்ணிதான் நேத்து தண்ணி இல்லனேன். இன்னொன்னு, நம்ம போர் தண்ணில உப்பும் சுண்ணாம்பும் ஜாஸ்தி, ஆல்ஜினேட் இறுகுறதே கால்சியத்தால, தண்ணிலயும் அது இருந்தா இன்னும் சீக்கிரம் இறுகும். அதனால கேன் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கோம், ஐஸா இருந்தா பேஷண்ட்டுக்குப் பல்லு கூசும், அதனால கொஞ்சம் சாதா தண்ணி விட்டு விளாவிக்கணும்.

பவுடர் டப்பாவை முதல்ல ஒரு குலுக்கு குலுக்கணும், அடில அமுங்கிக் கிடக்கிறதை அப்படியே அள்ளினா ஒரு ஸ்கூப்ல ஒன்னேகால் ஸ்கூப் வந்துடும். குலுக்கின உடனே மூடியைத் திறக்காதே, தூசி பறக்கும், மாஸ்க் போட்டுக்கோ. கலக்குறப்ப சும்மா சுத்தினா போதாது, ஸ்பாட்டுலாவால ரப்பர் பவுல் சுவத்துல வச்சு அழுத்தி அழுத்தித் தேய்க்கணும், அப்பதான் காத்து வெளிய போயி வழவழனு வரும். இறுகிடுச்சானு கடிகாரத்தைப் பார்க்காம ட்ரே ஓரத்துல வழிஞ்சதை விரலால தொட்டுப் பாருன்னு சொல்லியிருக்கேன், கைல ஒட்டக்கூடாது, அதுக்கப்புறமும் ஒரு ரெண்டு நிமிஷம் விட்டு ஒரே இழுப்பா வெடுக்குனு எடுக்கணும். ஆட்டி ஆட்டி எடுத்தா கிழியும்.

எடுத்த அளவை என்ன பண்றதுங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. எங்களுக்குப் பல் செட் செஞ்சு தர்ற லேப் பாண்டில இருக்கு. அளவை ஈரத்துணில சுத்தி கவர்ல போட்டு பஸ்ல கொடுத்து விட்டுடலாமேனு தோணும், பண்ணக்கூடாது. ஆல்ஜினேட் முக்கால்வாசி தண்ணிதான், வெளிய வச்சா தயிர் மாதிரி தண்ணி விட்டு சுருங்கும், தண்ணில போட்டா உறிஞ்சி ஊதும், ரெண்டுமே தப்பு. எச்சி போகக் கழுவி, மருந்து ஸ்ப்ரே அடிச்சு, 10, 15 நிமிஷத்துக்குள்ள இங்கயே ஸ்டோன் (தண்ணில கலந்தா கல்லா இறுகுற மாவு) ஊத்திடணும், அதுல வர்ற பல்லு மாடல் மட்டும்தான் பஸ் ஏறணும். பாண்டி போய்ச் சேருறதுக்குள்ள அளவு மாறி, வந்த பல் செட் வாய்ல உக்காரலனா பேஷண்ட் லேப்காரரையா திட்டுவாரு, என்னைத்தான்.

ஸ்டோன், ப்ளாஸ்டர் ரெண்டும் ஒரே ஜிப்சம்தான், சுட்டு எடுக்குற விதம் வேற. 100 கிராம் ப்ளாஸ்டருக்கு 45, 50 மில்லி தண்ணி குடிக்கும், ஸ்டோனுக்கு 30 மில்லியே போதும், தண்ணி கம்மியா குடிக்கிறதாலதான் ஸ்டோன் அவ்ளோ கெட்டி. தண்ணியை முதல்ல ஊத்தி அதுல பவுடரைத் தூவணும், மாத்திப் பண்ணினா கட்டியும் குமிழியும்தான் மிச்சம். கெட்டியா இருக்கேனு நடுவுல தண்ணி விடுறது இருக்கு பாருங்க, அந்தப் பழக்கத்தை விட வைக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஐப்பசி மழை சமயம் வேற கதை, மூட்டை வாய் திறந்திருந்தா கடக்காத்து ஈரத்தைப் பவுடர் இழுத்துக்கும். லேசா இழுத்தா டக்குனு இறுகும், நிறைய இழுத்துட்டா இறுகவே மாட்டேங்கும், மாடல் எடுக்குறப்ப பல்லு உடைஞ்சு வரும். மூட்டை வந்த அன்னைக்கே இறுக்கமா மூடி போட்ட பக்கெட்டுக்கு மாத்திடறோம். பவுலை சிங்க்ல கழுவக்கூடாது, இறுக விட்டு வெளிய இருந்து அமுக்கினா பாளமா உதிரும், அதைக் குப்பைல கொட்டிட்டுதான் கழுவணும், இல்லனா ப்ளம்பருக்கு அழணும்.

கிராம்பு வாசனை அடிக்கிற தற்காலிக சிமெண்ட் (ஜிங்க் ஆக்ஸைடும் யூஜினாலும்) ஈரம் பட்டாலே வேகமா இறுகுற ஜாதி, புழுக்கமான நாள்ல பேப்பர்ல போட்டிருக்கிற நேரத்துக்கு முன்னாடியே கெட்டியாகும். இதைவிட கவனமா பார்க்க வேண்டியது சிமெண்ட் கலக்குற கண்ணாடி ஸ்லாப். சிமெண்ட் மெதுவா இறுகட்டும்னு ஸ்லாபைக் குளிர வைக்கணும்னு பாடத்துல படிச்சோம், சரிதான், ஆனா நம்ம ஊர்ல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே அது முத்து முத்தா வேர்க்கும். பல்லு மேல கேப் ஒட்டுற ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டை அந்த ஈரத்துல கலந்தா ஆசிட் நீர்த்துப் போயி குளிர வச்ச பலனே போச்சு, இன்னும் சீக்கிரம் இறுகும். அதனால லேசா குளிர்ந்தா போதும், துடைச்சு, ஒரு நிமிஷம் வச்சுப் பார்த்து, மறுபடி வேர்க்கலனாதான் சொட்டு விடணும்.

பல்லு அடைக்கிற ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமெண்ட்) எனக்குப் பிடிச்ச மெட்டீரியல். லண்டன்ல வில்சன், கென்ட்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சு 1972ல வெளியிட்டது, பல்லுலயே நேரா ஒட்டும், ஃப்ளோரைடும் விடும். இரும்பு ஸ்பாட்டுலா ஆகாது, பவுடர்ல இருக்கிறது கண்ணாடித் தூள், இரும்பைத் தேய்ச்சு சிமெண்ட் சாம்பல் கலராயிடும், பிளாஸ்டிக்தான். பாட்டிலை நேரா தலைகீழா பிடிச்சாதான் சொட்டு முழுசா விழும், சாய்ச்சா குமிழியோட பாதிச் சொட்டு. முன்கூட்டியே லிக்விடை விட்டு வைக்கக் கூடாது, ஃபேன் காத்துல காயும். கலந்தது பளபளனு இருக்கிறப்பவே வச்சிடணும், மங்கிடுச்சுனா தூக்கிப் போட்டுட்டு வேற கலக்கு, விலையைப் பார்க்காதே, மங்கினது ஒட்டாது. வச்சதும் மேல வார்னிஷோ வாசலினோ தடவணும், ஆரம்பத்துல எச்சி பட்டாலும் கெடும், காய்ஞ்சாலும் வெடிக்கும்.

காம்போசிட்டுக்கு, அதான் பல்லு கலர்ல அடைக்கிற பிசினுக்கு, வெயிலும் புழுக்கமும் பெருசா கவலை இல்ல, அதுக்கு எதிரி எச்சி, அப்புறம் அந்தக் கிராம்பு சிமெண்ட். யூஜினால் மேல நேரா காம்போசிட் வச்சா சரியா இறுகாது, வேற க்ளினிக்ல தற்காலிகமா அடைச்சிட்டு வந்தவங்க வாயைத் திறந்ததும் கிராம்பு வாசனை வருதானு அந்தப் பொண்ணே இப்ப முதல்ல சொல்லிடுது. 2 மில்லிமீட்டருக்கு மேல ஒரே தடவைல வைக்காம அடுக்கடுக்கா நீல லைட் அடிக்கணும், ஆனா அதுக்கு முன்னாடியே பேஷண்ட் சேர் மேல இருக்கிற லைட் வெளிச்சத்துலயே மேல்தோல் கட்டிப்போக ஆரம்பிச்சிடும். பிழிஞ்சதை மூட ஆரஞ்சு மூடி எல்லாம் தனியா விக்குது, இல்லனா ஒரு கிட்னி ட்ரேயை மேல கவுத்து வச்சா போதும்.