ஸ்கோபஸில் நான் நான்கு பேர்

பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. கட்டுரைகள் எத்தனை, மேற்கோள்கள் எத்தனை, இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு. ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கெடுக்கும் ஸ்கோபஸ் தளத்திலிருந்து அச்செடுத்து இணைக்க வேண்டும். அரை மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன். முடிய ஏழு வாரம் ஆனது.

நான் கரும்பில் குரோமோசோம் எண்ணுகிறவன். கரும்பையும் அதன் காட்டுச் சொந்தமான நாணலையும் ஒட்டிய வேலை. காலையில் வேர்நுனியை வெட்டி, பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் செல் சிதறும், குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ‘நோபிள்’ என்ற மூலக் கரும்பு இனத்துக்கு 80. நாணலில் இடத்துக்கு இடம் மாறும், 40 முதல் 128 வரை. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. இதிலேயே பதினேழு வருடம் போயிருக்கிறது.

ஸ்கோபஸில் என் பெயரைத் தட்டினால் எச்-இண்டெக்ஸ் 4 என்றது. அதே வேலையைச் செய்யும் கூகுள் ஸ்காலரில் 13. இரண்டுமே தப்பு.

குற்றவாளி என் இனிஷியல். அப்பாவின் பெயரை முதலெழுத்தாகப் போட்டுத்தான் நமக்குப் பழக்கம். வெளிநாட்டு இதழ்களோ குடும்பப் பெயர் கேட்கும். ஒரு கட்டுரையில் இனிஷியலை முன்னால் போட்டேன், இன்னொன்றில் பின்னால். ஒரு இதழுக்கு அப்பாவின் பெயரை முழுதாகக் கொடுத்தேன். இன்னொன்றில் என் பெயரையே இரண்டாக உடைத்துவிட்டார்கள். ஆக, ஸ்கோபஸ் கணக்கில் நான் நான்கு பேர். எச்-இண்டெக்ஸைக் கூட்டிப் போடவும் முடியாது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது: 9 என்றால், தலா ஒன்பது முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒன்பது இருக்க வேண்டும். கட்டுரைகள் நான்கு இடத்தில் சிதறிக் கிடந்தால் எந்த இடத்திலும் எண் ஏறாது.

முதலில் எக்ஸெலில் எல்லாக் கட்டுரைகளையும், ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ள டிஓஐ அடையாள எண்ணோடு பட்டியலிட்டேன். 34 வந்தது. அப்புறம் ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் வாங்கினேன். பதினாறு இலக்கம், இலவசம், ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். பத்து வருடம் முன்பே வாங்கியிருக்க வேண்டியது. அதன்பின், நான்கு பக்கங்களும் ஒரே ஆளுடையவை, சேர்த்துவிடுங்கள் என்று ஸ்கோபஸுக்குக் கோரிக்கை அனுப்பினேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் சும்மா ஜானகி அம்மாளைத் தேடிப் பார்த்தேன். எங்கள் துறைக்கு அவர்தான் முன்னோடி. 1930-களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் இதே நாணலை எண்ணியவர். அவரும் சிதறித்தான் கிடக்கிறார். ஜானகி-அம்மாள் என்று கோடு போட்டு ஒரு இடத்தில், ‘அம்மாள், ஈ.கே.ஜே.’ என்று இன்னொரு இடத்தில். மரியாதைக்குச் சொல்லும் ‘அம்மாள்’ குடும்பப் பெயராகிவிட்டது! ஈ.கே. என்பதோ எடவலத் கக்கட் என்ற வீட்டுப் பெயர். டார்லிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-இல் அவர் கொண்டுவந்த, தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த குரோமோசோம் அட்லஸ் நூல் 1955-இல் விரிவாக்கப்பட்டு வந்தபோது அட்டையில் டார்லிங்டன், வைலி என்ற பெயர்கள்தான். அதற்கு வந்த மேற்கோள்கள் எந்தக் கணக்கிலும் அவருக்குச் சேராது.

கூகுள் ஸ்காலரில் நேர் எதிரான சிக்கல். புதிய கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள் என்று விட்டிருந்தேன். அது என் பெயருள்ள ஒரு மருத்துவரின் நீரிழிவுக் கட்டுரைகளையெல்லாம் என் கணக்கில் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக நீக்க நீக்க 13 இறங்கி 11 ஆனது. மனசு கொஞ்சம் தயங்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் என்னைக் கேட்டுவிட்டுச் சேர் என்று மாற்றி வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்கோபஸ் நான்கு பேரையும் ஒருவராக்கியது. எச்-இண்டெக்ஸ் 9. பட்டியலில் முதலில் நின்றது மற்றவர்கள் கண்டதையெல்லாம் தொகுத்து எழுதிய ஒரு மறுஆய்வுக் கட்டுரை, 112 மேற்கோள். மூன்று வருடம் வேர்நுனி அழுத்தி எழுதியதற்கு ஆறு. அந்த ஆறில் இரண்டு நானே காட்டியவை.

பொதுப் பெயராக எதை வைப்பது என்று கேட்டார்கள். அந்த 112-ம் அப்பா பெயரில் இருந்ததால் அதையே வைத்தேன். அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்தி 86032 என்ற ரகக் கரும்பு போட்டுக்கொண்டிருக்கிறவர். போனில் சொன்னதும், “என் பேர்ல எதுக்குடா எழுதுன?” என்றார்.

அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எழுத்தர் பணிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். “சார், இதுல இருக்கிற பேர் வேற. இவரும் நீங்களும் ஒரே ஆள்னு சான்று வேணும்.” மீதி நான்கு வாரம் அதற்குப் போனது. கடைசியில் குடும்பப் பெயர் தனியாக இருந்த பாஸ்போர்ட் நகலையும், துறைத் தலைவர் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் சேர்த்து வைத்தேன். வாங்கிக்கொண்டார்.